ஒரு பாடம் குறைவு

நொயெமி பர்ரகான் முதல்முறை என் அறைக்கு வந்தபோது காலில் முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தாள். வாசலைத் தாண்டாமல் நின்றாள்.

"தரை அழுக்காயிடும் மிஸ். இங்கேர்ந்தே கேட்டுட்டுப் போயிடறேன்."

உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். என் பெயர் கியா, எங்கள் ஊர்க் காலேஜில் மாற்றல் கவுன்சிலர். எங்களிடம் இரண்டு வருஷம் படித்துவிட்டு, அரசு யுனிவர்சிட்டியில் மூன்றாம் வருஷத்தில் போய்ச் சேர நினைக்கிறவர்களுக்கு எந்தெந்தப் பாடம் எடுக்க வேண்டும் என்று சொல்வது என் வேலை. இரண்டு வருஷம் என்பது காகிதத்தில்தான். வேலை பார்த்துக்கொண்டு, பிள்ளை வளர்த்துக்கொண்டு, அறுவடைக்கு நடுவில் படிக்கிறவர்களுக்கு அது ஐந்தாகும், ஏழாகும். பாதிப் பேருக்கு ஆகாமலே போகும்.

நொயெமிக்கு அப்போது முப்பத்திரண்டு வயது, என்னைவிட ஆறு வயது பெரியவள். லா நோரியா என்ற முந்நூறு வீட்டு ஊருக்குத் தண்ணீர் விடுவது அவள் வேலை. ஊரில் மூன்று கிணறுகள். வயல்களில் போட்ட உரம் நிலத்துக்குள் இறங்கி, இரண்டு கிணற்றுத் தண்ணீர் குழந்தைகளுக்கு ஆகாது என்று மூடிவிட்டார்கள். மூன்றாவதை அவள்தான் பம்ப் ஓட்டி, மருந்து கலந்து, பாட்டிலில் மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்பிக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.

"புதுக் கிணறுக்கு மனு போட்டா எஞ்சினியர் கையெழுத்து எங்கேங்கறாங்க மிஸ். எஞ்சினியர் சிட்டிலேர்ந்து வர்றாரு. குழாய் எங்க ஓடுது, எந்த வால்வு எதுக்குன்னு எல்லாம் என்கிட்டதான் கேட்டு எழுதிக்கறாரு. நான் சொல்றதுக்குக் கீழ அவர் கையெழுத்து. அதை நானே போடணும்னா எத்தனை நாள் படிக்கணும்?"

கணக்குப் போட்டேன். பகுதிநேரமாக எங்களிடம் ஐந்து வருஷம், யுனிவர்சிட்டியில் மூன்று. விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள்.

"சரி. ஃபாரம் குடுங்க."

அவள் பழைய மதிப்பெண் தாளில் ஒரு சிக்கல் இருந்தது. பத்தொன்பது வயதில் எங்கள் காலேஜிலேயே இரண்டு பாடத்துக்குச் சேர்ந்து, பாதியில் வராமல் நின்றிருக்கிறாள். இரண்டிலும் ஃபெயில் என்று போட்டிருந்தது.

"நிக்கறேன்னு எழுதிக் குடுத்துட்டு நிக்கணுமாம். யாருக்குத் தெரியும்? அப்ப என் பொண்ணு வயித்துல. குனிஞ்சா வாந்தி, நிமிந்தா வாந்தி" என்றாள்.

மனு போட்டு அந்த இரண்டையும் எங்கள் கணக்கிலிருந்து எடுக்க வைத்தேன். யுனிவர்சிட்டி அதைப் பார்க்காமல் இருக்க எந்த மனுவும் இல்லை.

அடுத்த நான்கு வருஷம் அவள் படித்த படிப்பை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. பள்ளிக்கூடக் கணக்கிலிருந்து தொடங்கி நுண்கணிதம் வரைக்கும் ஏறினாள். பம்ப் ரூமில் உட்கார்ந்து வீட்டுப் பாடம் போடுவாள். அதனால் அவள் தாள்களில் குளோரின் வாசம் அடிக்கும் என்று இயற்பியல் வாத்தியார் சொல்வார். அவள் புருஷன் எஃப்ராயின் தக்காளி லாரி ஓட்டுகிறவன். வீட்டில் அவளைக் கிண்டல் செய்வது அவனுக்குப் பொழுதுபோக்கு.

"எஞ்சினியரம்மா, சமையக்கட்டுக் குழாய் சொட்டுது. வந்து பாக்கறீங்களா, இல்ல மனு போடணுமா?"

"மனு போடு கிழவா. மூணு காப்பி."

கடைசியில் ஒரு பாடம்தான் பாக்கி. ஸ்டாடிக்ஸ். ஒரு பாலமோ தொட்டியோ அசையாமல் நிற்க வேண்டுமானால் எந்தத் தூணில் எவ்வளவு பாரம் விழும் என்று கணக்குப் போடும் பாடம். எங்கள் காலேஜில் அதை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் வைப்பார்கள். அதுவும் பதினைந்து பேர் சேர்ந்தால்தான். அந்த வருஷம் ஒன்பது பேர் சேர்ந்திருந்தார்கள். வகுப்பு தொடங்க இரண்டு வாரம் இருந்தது.

நொயெமி ஆள் பிடிக்கக் கிளம்பினாள். ஒரு தாளில் பாடத்தின் பெயரையும் நேரத்தையும் கொட்டை எழுத்தில் எழுதிக்கொண்டு இயற்பியல் லேப் வாசலில் நின்றாள். கேன்டீனில் மேஜை மேஜையாகப் போய்க் கேட்டாள். "கஷ்டமா இருந்தா நான் சொல்லித் தரேன், பயப்படாதீங்க" என்று, தானே இன்னும் படிக்காத பாடத்துக்கு வாக்குக் கொடுத்தாள். ஐந்து பேர் சேர்ந்தார்கள். பதினான்கு ஆயிற்று.

பதினைந்தாவது ஆளாக எஃப்ராயின் வந்தான். சட்டையெல்லாம் தக்காளிக் கறை.

"நான் சேர்றேன் மிஸ். இருபது வருஷமா லோடு கட்டறேன், ஒரு பெட்டி சரிஞ்சதில்ல. அசையாம நிக்கற விஷயம்தானே?"

பதிவு செய்து பார்த்தேன். நுண்கணிதம் முடித்தவர்களுக்கு மட்டும் என்று கம்ப்யூட்டர் தள்ளிவிட்டது.

"எனக்குத் தெரிஞ்சது அதுக்குத் தெரியாது" என்று திரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு லாரிக்குத் திரும்பினான்.

நானும் நொயெமியும் டீன் ஹால்வர்சனைப் பார்க்கப் போனோம். கெட்ட மனிதர் இல்லை. எழுந்து நின்று வரவேற்றார்.

"பதினாலுதான் இருக்கு. என்னோட விதி இல்ல நொயெமி இது. இன்னிக்குப் பதினாலுக்கு விட்டா நாளைக்குப் பதிமூணு பேர் வந்து கேப்பாங்க."

"கேக்கட்டும் சார். பதிமூணு பேர் உங்க ரூமுக்கு வந்து எனக்குப் பாடம் வேணும்னு கேட்டு நீங்க எப்பவாவது பாத்திருக்கீங்களா?"

அவர் சிரித்தார். வெள்ளிக்கிழமை மதியம் வகுப்பு ரத்து என்று பதினான்கு பேருக்கும் மின்னஞ்சல் போயிற்று. நொயெமி சேர்த்துவிட்ட ஐந்து பேரில் இரண்டு பேர் அந்த செமஸ்டரோடு படிப்பையே விட்டுவிட்டார்கள். அதை அவளிடம் நான் சொல்லவில்லை.

இனி வருவது என் தப்பு. தெற்கே எண்பது மைல் தள்ளி இன்னொரு காலேஜில் அதே பாடம், அதே பெயரில் இருந்தது. அங்கே படித்தால் யுனிவர்சிட்டி ஏற்றுக்கொள்ளுமா என்று பார்க்க ஒரு பட்டியல் உண்டு. எந்தக் காலேஜின் எந்தப் பாடம் யுனிவர்சிட்டியின் எந்தப் பாடத்துக்குச் சமம் என்று வருஷா வருஷம் வெளியிடுவார்கள். நொயெமி என் எதிரில் உட்கார்ந்திருந்தாள். வெளியே நாற்பது பேர் வரிசையில். ஆயிரத்து நூறு மாணவர்களுக்கு நான் ஒருத்திதான். ஒரு கையால் என் அம்மா கட்டிக்கொடுத்த ஒட்டும் அரிசிச் சோற்றை உருட்டிச் சாப்பிட்டுக்கொண்டே இன்னொரு கையால் பட்டியலைத் திறந்தேன். பாடம் இருந்தது. சமம் என்று போட்டிருந்தது.

"செல்லும். தைரியமா எடுங்க" என்றேன்.

பக்கத்தின் தலையில் வருஷம் எழுதியிருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. அது போன வருஷத்துப் பட்டியல்.

குளிர்காலம் முழுக்க, செவ்வாயும் சனியும், எண்பது மைல் போய் எண்பது மைல் வந்தாள். எங்கள் பள்ளத்தாக்கில் ஜனவரி மூடுபனி தரையோடு தரையாகப் படுத்துக்கொள்ளும். கார் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்து, சாலையின் வெள்ளைக் கோட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டே ஓட்டிப் போனதாக ஒருமுறை சொன்னாள். முதல் தேர்விலேயே வகுப்பில் முதலாவதாக வந்தாள்.

ஏப்ரலில் யுனிவர்சிட்டியிலிருந்து சேர்க்கைக் கடிதம் வந்தது. அவள் விண்ணப்பித்தது அந்த ஒரே யுனிவர்சிட்டிக்குத்தான். வடக்கே ஒரு மணி நேரத் தூரம். மற்றதெல்லாம் மலைக்கு அந்தப் பக்கம். கிணற்றையும் வீட்டையும் விட்டுவிட்டு அவ்வளவு தூரம் போக முடியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை லா நோரியாவில் ஆட்டுக்கறி வெந்த வாசம் தெருமுனை வரைக்கும் வந்தது. ஊரே அவள் வீட்டுக் கொல்லையில் இருந்தது. எஃப்ராயின் எல்லோரிடமும், "இனிமே என் சம்சாரத்தைப் பாக்கணும்னா அப்பாயின்ட்மென்ட் வாங்கணும்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். என் தட்டில் இரண்டாம் முறை கறி வைத்தவள் அவள் மகள் இட்ஸெல். அவளுக்குப் பதினேழு வயது. "எங்கம்மா டிகிரி வாங்கறதுக்குள்ள நான் வாங்கிடுவேன், பந்தயம்" என்றாள். காலேஜ் விளம்பரப் பிரிவிலிருந்து ஒருவர் வந்து தண்ணீர்த் தொட்டி முன்னால் நொயெமியை நிறுத்திப் படம் எடுத்தார்.

மே மாதம் ஸ்டாடிக்ஸ் முடிந்தது. ஏ கிரேடு.

ஜூலை பதினெட்டாம் தேதி காலை பத்து மணி இருக்கும். அவள் வரிசையில் நிற்காமல் நேரே உள்ளே வந்து போனை என் மேஜையில் வைத்தாள். என் எதிரில் உட்கார்ந்திருந்த பையன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தானாக எழுந்து போனான்.

சேர்க்கைக்கு வேண்டிய பாடங்களில் ஒன்று முடிக்கப்படாததால் சேர்க்கை ரத்து செய்யப்படுகிறது என்று இருந்தது.

"அவங்க தப்பாப் பாத்திருப்பாங்க, இல்ல மிஸ்? ஒரு போன் போட்டுச் சொல்லுங்க."

பட்டியலைத் திறந்தேன். இந்தமுறை தலையில் இருந்த வருஷத்தைப் படித்தேன். அந்தத் தெற்குக் காலேஜின் ஸ்டாடிக்ஸ் பாடத்துக்கு எதிரே, இந்த வருஷத்திலிருந்து, 'சமமான பாடம் இல்லை' என்று இருந்தது. பாடத்தில் கம்ப்யூட்டர் பயிற்சி ஒரு மணி நேரம் குறைகிறதாம்.

"நொயெமி, தப்பு அவங்களது இல்ல. என்னோடது."

"நீங்க பாத்துத்தானே சொன்னீங்க?"

"பாத்தேன். போன வருஷத்துப் பக்கத்தைப் பாத்திருக்கேன்."

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வரிசையில் யாரோ போனில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசி வரியில் விரலை வைத்து, "ஒரு மணி நேரமா?" என்றாள்.

மேல்முறையீடு எழுதினோம். தவறு முழுவதும் என்னுடையது என்று நான் தனியாக ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பத்து நாளில் நேரில் வரச் சொன்னார்கள். என் காரிலேயே போனோம். நொயெமி வெள்ளைச் சட்டை போட்டிருந்தாள். மடியில் நான்கு வருஷத்துக் கணக்கு நோட்டுகள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

சேர்க்கை அதிகாரி இளம் வயது. எங்களுக்குத் தண்ணீர் பாட்டில் எடுத்து வைத்தார். என் கடிதத்தைப் படித்ததாகச் சொன்னார்.

"உங்க கவுன்சிலர் ரொம்ப நேர்மையா எழுதியிருக்காங்க. ஆனா பட்டியலைச் சரிபார்க்க வேண்டிய பொறுப்பு விண்ணப்பதாரரோடதுதான். ஃபாரத்துலயே அப்படித்தான் போட்டிருக்கு."

"நான் பாத்தேன் சார். எனக்குப் புரியலன்னுதான் இவங்ககிட்ட போனேன். அதுக்குத்தானே இவங்க இருக்காங்க?"

"புரியுது."

"அப்ப எனக்கு ஒரு பரீட்சை வைங்க. இப்பவே. உங்க ப்ரொஃபஸர் யாராவது இருப்பாங்க இல்ல? ஒரு பாலமோ தொட்டியோ வரைஞ்சு குடுக்கச் சொல்லுங்க. இங்கேயே உக்காந்து போட்டுக் காட்டறேன்." நோட்டுகளை மேஜைமேல் வைத்தாள்.

அவர் நோட்டைத் தொடவில்லை. "அப்படி ஒரு வழி எங்ககிட்ட இல்லீங்க. நீங்க இங்க மாணவியா இருந்திருந்தீங்கன்னா அந்தப் பாடத்தை அடுத்த செமஸ்டர்ல எடுத்துக்கலாம்."

"சேத்துக்கோங்க. எடுத்துக்கறேன்."

"சேரணும்னா அந்தப் பாடம் முடிச்சிருக்கணும்."

நொயெமி என்னைத் திரும்பிப் பார்த்தாள். வேற்று பாஷையில் யாராவது பேசினால் கூட இருப்பவரிடம் அர்த்தம் கேட்பதுபோல ஒரு பார்வை. அடுத்த வருஷம் திரும்ப விண்ணப்பிக்கலாம் என்று அதிகாரி சொன்னார். எங்களைக் கதவு வரைக்கும் வந்து வழியனுப்பினார்.

திரும்பும் வழியில் பாதாம் தோட்டங்களில் மரத்தை உலுக்கும் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. சாலை முழுக்கப் புழுதி. நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன்.

"வேண்டாம் மிஸ். உங்கமேல கோவம் வந்தா நல்லா இருக்கும்னு நானும் காலைலேர்ந்து பாத்துட்டிருக்கேன். வர மாட்டேங்குது. பசிதான் வருது."

பெட்ரோல் பங்கில் நிறுத்தி இரண்டு பேரும் நின்றபடியே பர்ரிட்டோ சாப்பிட்டோம். அவள் பாதியைத் தாளில் சுற்றி வைத்துக்கொண்டாள்.

ஆகஸ்டில் எங்கள் காலேஜ் திறந்தபோது, நெடுஞ்சாலையைப் பார்த்த மதிலில் ஒரு பெரிய பேனர் தொங்கியது. தண்ணீர்த் தொட்டி முன்னால் நொயெமி சிரிக்கிறாள். 'இங்கிருந்து எங்கும் போகலாம்' என்று கீழே எழுத்து. நான் டீனிடம் ஓடினேன்.

"சார், அவங்க சேர்க்கை ரத்தாயிடுச்சு."

அவருக்கு அது தெரிந்திருக்கவில்லை. முகம் மாறிவிட்டது. பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஆனா கியா, சேர்க்கை கிடைச்சது உண்மைதானே? அச்சடிச்சாச்சு. அடுத்தது வசந்த காலத்துலதான் மாத்துவாங்க."

தக்காளி சீசன். எஃப்ராயின் தினமும் லோடோடு நான்குமுறை அந்தப் பேனரைக் கடந்து போக வேண்டும். இரண்டு வாரம் பொறுத்தான். ஒரு புதன்கிழமை, நட்டநடு மத்தியானம், லாரியை ஓரம் கட்டினான். ட்ரெய்லர் மேல் ஏறி நின்று, கயிறு அறுக்கும் கத்தியால் பேனரை அறுத்து இறக்கினான். காலேஜ் காவலர் ஓடி வருவதற்குள் அதை ஒழுங்காகச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு டீன் அறைக்கே நடந்து வந்துவிட்டான். நானும் பின்னால் ஓடினேன்.

டீன் மேஜைமேல் அதை வைத்தான். "இது உங்களுது சார். மூஞ்சி மட்டும் எங்களுது. அதை வெட்டி எடுத்துக்கிட்டேன்."

சட்டைக்குள்ளிருந்து மடித்த துணியின் ஒரு ஓரம் தெரிந்தது. டீன் காவலரைப் போகச் சொன்னார். புகார் கொடுக்கவில்லை.

அடுத்த வருஷம் நொயெமியை மறுபடியும் விண்ணப்பிக்க வைத்தேன். அவளுக்கு மனமில்லை. நான்தான் விடவில்லை. போனமுறை ரத்தானதால் ஸ்டாடிக்ஸ் பாடத்தை எங்கள் காலேஜில் அந்த வருஷமே வைத்தார்கள். பதினெட்டுப் பேர். ஏ வாங்கிய பாடத்தை அவள் மறுபடியும் உட்கார்ந்து படித்து மறுபடியும் ஏ வாங்கினாள். இந்தமுறை பட்டியலை மூன்று தரம் பார்த்தேன். பாடங்கள் எல்லாம் பொருந்தின. ஆனால் அந்த வருஷம் எஞ்சினியரிங் துறைக்குக் கூட்டம் அதிகம் என்று வேண்டிய சராசரி மதிப்பெண்ணை ஏற்றிவிட்டார்கள். பத்தொன்பது வயதில் வாங்கிய அந்த இரண்டு ஃபெயிலையும் சேர்த்துக் கூட்டினால் அவள் ஒரு புள்ளியின் பத்தில் ஒரு பங்கு கீழே நின்றாள். காத்திருப்போர் பட்டியலில் வைத்தார்கள். ஜூனில் இடமில்லை என்று எழுதினார்கள்.

காலேஜில் மாற்றலை மேம்படுத்த ஒரு கமிட்டி இருக்கிறது. நானும் அதில் ஒருத்தி. பழைய ஃபைல்களை எடுத்து எண்ணிப் பார்த்தேன். நொயெமி மாதிரி ஒரே ஒரு பாடத்தில் அறுந்தவர்கள் ஆறு வருஷத்தில் முப்பத்தொரு பேர். ஒவ்வொரு பெயரையும் எழுதிக்கொண்டு போனேன். எனக்கு மூன்று நிமிஷம் கொடுத்தார்கள். எல்லோரும் வருத்தப்பட்டார்கள். பதினைந்து பேர் விதியைத் தளர்த்துவது நம் கையில் இல்லை என்றார்கள். இன்னொரு கவுன்சிலர் போடுவது அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள். கடைசியில் ஒரு தீர்மானம் ஆயிற்று. 'பட்டியலைச் சரிபார்ப்பது மாணவரின் பொறுப்பு' என்ற வரியை எங்கள் இணையப் பக்கத்திலும் சேர்ப்பது, எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடுவது.

இப்போது நான் ஒவ்வொருவர் பட்டியலையும் இரண்டு தரம் பார்க்கிறேன், வருஷத்தைச் சத்தமாகப் படிக்கிறேன். அதனால் ஒருவருக்கு அரை மணி நேரம் ஆகிறது. முன்னால் ஒரு நாளைக்கு இருபது பேரைப் பார்த்தேன். இப்போது பன்னிரண்டு. மீதிப் பேர் காத்திருந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். அவர்களுக்கு என்ன ஆகிறது என்று எனக்குத் தெரியாது.

போன அக்டோபரில் ஒரு சனிக்கிழமை லா நோரியாவுக்குப் போனேன். நொயெமி பம்ப் ரூம் வாசலில் பாட்டில்களுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். என்னைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். வீட்டுக்குக் கூட்டிப் போய்க் காப்பி போட்டாள்.

இட்ஸெல் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். நெடுஞ்சாலையோரம் புதிதாக வந்திருக்கும் பெரிய கோடவுனில் பெட்டி கட்டும் வேலை. ஆரஞ்சு மேல்சட்டை போட்டிருந்தாள்.

"காலேஜ்ல சேர்ந்துட்டியோன்னு நினைச்சேன்" என்றேன்.

"கணக்குல நான் அம்மாவைவிட மக்கு மிஸ்" என்று சிரித்துவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு போனாள். மக்கு இல்லை. பள்ளியில் அவள் வாங்கிய மதிப்பெண் எனக்குத் தெரியும்.

கார் போகும் சத்தம் அடங்கும் வரைக்கும் நொயெமி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"படின்னு நீங்க அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லலாமே?" என்று கேட்டேன்.

"என்ன சொல்றது மிஸ்? நீங்களே ஒண்ணு சொல்லிக் குடுங்க, அப்படியே சொல்றேன்."

கிண்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே காத்திருந்தாள். நான் காப்பியைக் குடித்து முடித்தேன். அவள் எழுந்து கோப்பையை வாங்கிக்கொண்டு போய்க் கழுவினாள்.